மலைப்பாதையும் மோட்டார் சைக்கிள் டயரும்

தேவதானப்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு செல்லும் நெடுஞ்சாலையில் சில கல் தொலைவு சென்றால் காட்ரோடு என்னும் இடத்தை அடையலாம். மலைச்சாலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே மக்கள் நாவில் திரிந்து ஊர்ப்பெயர் போல நிலைத்துவிட்டது. கொடைக்கானலுக்கு ஏறும் பாதை இங்கேதான் பிரிகின்றது. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலுள்ள சமவெளியிலிருந்து, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்திற்குள், 2,100 மீட்டர் உயரத்திற்கு அது நம்மை ஏற்றிவிடுகின்றது. இடைவழியில் டம்டம் பாறையருகே நின்று நோக்கினால், தலையாற்று அருவி 297 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளிக் கம்பி போல வீழ்வதைக் காணலாம்.

விடுமுறை நாட்களின் காலை வேளையில் இந்தப் பாதையில் ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக ஏறுகின்றன. மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வருவோர் சிலர். பெரியகுளம், தேனி, தேவதானப்பட்டி இளைஞர்கள் பலர். முன்னால் குனிந்து அமரும் இருக்கை, தாழ்ந்த கைப்பிடி, காற்றைக் கிழிக்கும் முகப்பு ஆகியவற்றோடு கூடிய இந்த வண்டிகளின் டயர் தேய்ந்தபின், அதற்கு மாற்றாக எந்த டயரை வாங்குவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இஃது ஒரு பெரிய பொருளா, பஞ்சர் கடைக்காரரிடம் கேட்டால் போதாதா என்று சிலர் எண்ணக்கூடும். கடைக்காரர் தம் கடையில் உள்ளதைச் சொல்வார். நண்பர் தம் வண்டியில் உள்ளதைச் சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் நீங்கள் போகும் பாதையை அறிந்தவர் நீங்கள் ஒருவரே.

முதலில் ஒரு சிறு கணக்கு. வண்டியும் அதன் மேல் அமர்ந்தவருமாகச் சேர்ந்து 240 கிலோகிராம் என்று கொள்வோம். இதில் பாதி, அதாவது 120 கிலோகிராம், ஒரு சக்கரத்தின் மேல் நிற்கின்றது. டயருக்குள் உள்ள காற்றின் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோகிராம். 120ஐ 2.1ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 57 சதுர சென்டிமீட்டர். டயரின் சொந்த விறைப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அந்தச் சக்கரம் தரையைத் தொடும் பரப்பு இவ்வளவுதான். ஒருவர் தம் உள்ளங்கையைத் தரையில் வைத்தால் எவ்வளவு இடத்தை மறைக்குமோ ஏறத்தாழ அவ்வளவு. ஓட்டுதல், நிறுத்துதல், திருப்புதல் ஆகிய மூன்றும் இத்தகைய இரண்டு உள்ளங்கைகளின் வழியாகவே நடைபெற வேண்டும். கார் நான்கு சக்கரத்தின் மேல் நிற்பதால் ஒன்று வழுக்கினாலும் மற்ற மூன்று தாங்கும். மோட்டார் சைக்கிளில் முன்சக்கரம் வழுக்கினால், ஓட்டுபவர் எண்ணி முடிப்பதற்குள் வண்டி தரையில் கிடக்கும்.

காற்றடைத்த டயர் தோன்றிய வரலாறு சுவையானது. 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் இருப்பதைக் கண்டார். 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த சக்கரத்திற்கு உரிமைப்பட்டயம் பெற்றார். உலகம் அதை மறந்துவிட்டது. பின்னர் 1888இல், பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் கண்டுபிடித்தார். நம் நாட்டில், 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய சிறு கொட்டகையே, பின்னாளில் எம்.ஆர்.எப். என்னும் டயர்த் தொழிற்சாலையாக வளர்ந்தது. மதுரையை அடுத்த வெள்ளரிப்பட்டியில் ஸ்ரீசக்ரா நிறுவனம் இரு சக்கர வண்டி டயர்களை உற்பத்தி செய்கின்றது. ஆக, நல்ல டயருக்காக நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. தேவதானப்பட்டிக்கு அண்டை மாவட்டத்திலேயே அது உருவாகின்றது. தட்டுப்பாடு பொருளில் இல்லை, தேர்வதில்தான் தடுமாற்றம்.

டயரை எப்பொழுது மாற்ற வேண்டும்? டயரின் மேற்புறத்தில் உள்ள வரிப் பள்ளங்களையும் மேடுகளையும் சேர்த்துப் பட்டறைக்காரர்கள் 'பட்டன்' என்பார்கள். பட்டன் தேய்ந்து வழவழப்பானால் அது 'மொட்டை டயர்'. பள்ளங்களின் அடியில் சிறு மேடுகளாகத் தேய்மானக் குறிகள் வார்க்கப்பட்டிருக்கும். சுற்றிலும் உள்ள ரப்பர் தேய்ந்து அந்தக் குறியோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்பது பொருள். நம் நாட்டு மோட்டார் வாகன விதிகள் இரு சக்கர வண்டிக்குக் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் பள்ளம் வேண்டும் என்கின்றன. இது சட்டத்தின் எல்லை. மழைக்காலத்தில் மலையேறுபவர் அந்த எல்லை வரும்வரை காத்திருப்பது விவேகமன்று. பள்ளத்தின் ஆழம் குறையக் குறைய அது வெளியேற்றும் நீரின் அளவும் குறைந்துகொண்டே வருகின்றது.

இன்னொரு வகைத் தேய்மானம் இப்பகுதி மாணவர்களுக்கே உரியது. தேவதானப்பட்டியிலிருந்து பெரியகுளத்திற்கோ தேனிக்கோ நாள்தோறும் கல்லூரிக்குச் செல்பவர் வாரத்தில் ஆறு நாள் திண்டுக்கல்–குமுளி நெடுஞ்சாலையில் ஏறத்தாழ நேராகவே செல்கின்றார். அதனால் பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, உருண்டையாக இருக்க வேண்டிய டயர் பட்டையாகிவிடுகின்றது. ஓரங்களில் பட்டன் புதிதுபோல இருக்கும். ஏழாம் நாள் அதே வண்டியில் மலையேறும்போது, வளைவில் சாய்க்கத் தொடங்கினால் வண்டி முதலில் சாய மறுக்கும். பின்பு பட்டையின் விளிம்பைக் கடந்ததும் திடீரென்று விழுவது போலச் சாயும். பலர் இதை வண்டியின் குற்றமென்று எண்ணிப் பட்டறை பட்டறையாக அலைவதுண்டு. ஓரத்தில் எவ்வளவு பட்டன் மிச்சமிருந்தாலும், நடு பட்டையாகிவிட்ட டயர் மலைக்கு உதவாது.

பின் டயர் விரைவில் தேயும். முன் டயர் மெல்லத் தேயும். ஆதலின் பின் டயரை மட்டும் மாற்றிக்கொண்டு, முன் டயரை ஆண்டுக்கணக்காக மறந்துவிடுவது நம் வழக்கம். கொடைக்கானலிலிருந்து இறங்கும் வழியில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிப் பாய்ந்து, முன்சக்கரத்தின் மேலேயே பெரும்பகுதி அமர்கின்றது. இறங்குகையில் உயிரைக் காப்பது முன் டயர். அதன் பக்கச் சுவரில் நூலிழை போன்ற வெடிப்புகள் தோன்றியிருந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் அதனை நம்பக் கூடாது. ரப்பர் ஓடித் தேய்வது மட்டுமின்றி, நின்றும் முதுமையடைகின்றது.

இனி, வாங்குவதற்கு வருவோம். டயரின் பக்கச் சுவர் ஒரு கல்வெட்டுப் போன்றது; படிக்கத் தெரிந்தவருக்கு எல்லாம் அதில் உண்டு. 2017ஆம் ஆண்டில் டி.வி.எஸ். நிறுவனம் வெளியிட்ட அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் பின்சக்கர டயரின் அளவு 150/60, ரிம் 17 அங்குலம். 150 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பதைக் குறிக்கும்; அதாவது 90 மில்லிமீட்டர். இவ்வளவுள்ள டயரொன்றில் 66 என்றும், எச் என்றும் எழுதியிருக்கக் காணலாம். 66 என்பது 66 கிலோகிராம் அன்று. அது 300 கிலோகிராம் பாரம் தாங்கும் என்பதற்கான குறியெண். முன் டயரில் காணப்படும் 54 என்பது 212 கிலோகிராமைக் குறிக்கும். எச் என்னும் எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை டயர் தாங்கும் என்பதற்கு அடையாளம். பி என்றால் 150, எஸ் என்றால் 180, வி என்றால் 240. வண்டியின் கையேடு எந்தப் பாரக் குறியையும் வேகக் குறியையும் கேட்கின்றதோ அதற்குக் கீழே இறங்கக் கூடாது. மேலே போகலாம், ஆனால் அதனால் மலைப்பாதையில் கிடைக்கும் இலாபம் ஒன்றுமில்லை.

அகலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனெனில் பெரும்பாலான இளைஞர்கள் ஏமாறும் இடம் இதுதான். பின்னாலிருந்து பார்க்கும்போது டயர் அகலமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக 150 இருந்த இடத்தில் 160ஐ மாட்டுவோர் உண்டு. அகலம் கூடினால் பிடிப்பும் கூடும் என்பது அவர்கள் நம்பிக்கை. முன்னர் நாம் போட்ட கணக்கை நினைவுகூர்க. தரையைத் தொடும் பரப்பை நிர்ணயிப்பவை பாரமும் காற்றழுத்தமும். அகலமான டயர் அந்தப் பரப்பின் வடிவத்தைச் சிறிது மாற்றுகின்றதேயன்றி, பரப்பை அவ்வளவாகக் கூட்டுவதில்லை. மாறாகத் தொல்லைகள் கூடுகின்றன. 150 அகல டயருக்குப் பொதுவாக 4 முதல் 4½ அங்குல அகலமுள்ள ரிம் ஏற்றது. 160க்கு 4½ முதல் 5 அங்குலம். குறுகிய ரிம்மில் அகன்ற டயரைத் திணித்தால், அதன் இரு ஓரங்களும் உள்நோக்கி இழுக்கப்பட்டு நடுப்பகுதி கூம்பி நிற்கும். தயாரிப்பாளர் எண்ணிச் செய்த வளைவு கெட்டுப்போய், சாயும்போது தொடவேண்டிய பகுதி சரியாகத் தொடாது. அன்றியும், 160/60 டயரின் விட்டம் 150/60ஐவிட 12 மில்லிமீட்டர் பெரிது. சங்கிலியிலோ சக்கரத்தைத் தாங்கும் கையிலோ அது உரசக்கூடும். அகன்ற டயருள்ள வண்டி அதே வளைவை அதே வேகத்தில் கடக்கச் சற்று அதிகமாகச் சாய வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்க. பணமும் கொடுத்து, வண்டியின் நடையையும் கெடுத்துக்கொள்வதில் என்ன அழகு இருக்கின்றதோ, எனக்குத் தெரியவில்லை.

ரேடியல் டயர் என்றும் குறுக்கு நூல் டயர் என்றும் இரு வகை உண்டு. ரப்பருக்குள் மறைந்திருக்கும் நூல்கள் சக்கரத்தின் ஆரம் போல ஓரத்திலிருந்து ஓரத்திற்கு நேராக ஓடினால் அது ரேடியல். ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் பின்னியிருந்தால் மற்றையது. மோட்டார் சைக்கிளுக்கு ரேடியல் வந்தது 1980களில்தான். அதன் பக்கச் சுவர் எளிதில் வளைந்து கொடுக்கும், மேற்பட்டை உறுதியாக நிற்கும், சூடும் குறைவு. வேகமான வண்டிக்கு அதுவே ஏற்றது. இரண்டையும் மனம்போனபடி கலக்கக் கூடாது. ஆனால் தயாரிப்பாளரே ஆராய்ந்து கலந்திருந்தால் குற்றமில்லை. யமஹா ஆர்15 வண்டியின் நான்காம் பதிப்பு முன்னால் குறுக்கு நூல் டயரோடும் பின்னால் ரேடியலோடும் வெளிவந்தது. அத்தகைய வண்டி உடையவர் அந்த அமைப்பையே பின்பற்றுவது நலம்.

இப்பொழுது மிக முக்கியமான செய்திக்கு வருகின்றேன். அதாவது ரப்பரின் தன்மை. ரப்பர் சாலையைப் பற்றுவது இரு வழிகளில் நிகழ்கின்றது. ஒன்று, ரப்பரின் மூலக்கூறுகள் கல்லின் மேற்பரப்போடு ஒட்டிக்கொள்வது. மற்றொன்று, ரப்பர் நெகிழ்ந்து சாலைக் கற்களின் மேடுபள்ளங்களுக்குள் அமர்ந்துகொள்வது. இரண்டிற்கும் ரப்பர் தக்க வெப்பநிலையில் இருக்க வேண்டும். குளிர்ந்த ரப்பர் விறைத்துப்போய்க் கல்லின் மேல் வழுக்கும். அளவுக்கு மீறிச் சூடானால் இளகித் தேய்ந்துபோகும். தக்க வெப்பநிலை எது என்பது ஒவ்வொரு கலவைக்கும் வேறுபடும்.

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தயம் நடக்கும் ஓட்டப்பாதை உண்டு. பந்தயத்திற்கென்றே செய்யப்படும் டயர்கள் மிக மென்மையான கலவையால் ஆனவை. ஏறத்தாழ 80 பாகை வெப்பம் வந்தால்தான் அவை தம் முழுப் பிடிப்பைக் காட்டும். அதனால் பந்தயத்திற்கு முன்பே மின்சாரப் போர்வையால் அவற்றைப் போர்த்திச் சூடேற்றுவதுண்டு. கடும் வேகத்தில், கடும் பிரேக்கில், அடுத்தடுத்த வளைவுகளில் அந்தச் சூடு நிலைக்கும். அந்தக் குலத்தைச் சேர்ந்த டயரைக் கடையில் பார்த்து, பந்தய வீரர் பயன்படுத்துவதாயிற்றே என்று வாங்கி மாட்டிக்கொள்ளும் இளைஞரை எண்ணிப் பாருங்கள். சித்திரை மாதத்து நண்பகலில் காட்ரோட்டின் தார் கொதிக்கின்றது. டயர் நன்றாகவே பற்றுகின்றது. ஒன்றரை மணி நேரம் ஏறியபின், பெருமாள்மலையருகே மூடுபனி சூழ்கின்றது. சாலை ஈரம், காற்றோ சில்லென்று வீசுகின்றது. பேருந்தின் பின்னால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும்போது டயரில் இருந்த சூடெல்லாம் ஆறிவிடுகின்றது. அடிவாரத்தில் நண்பனாக இருந்த அதே டயர் அங்கே அன்னியனாகிவிடுகின்றது. ஓட்டுபவரோ அடிவாரத்தில் கிடைத்த பிடிப்பையே மேலேயும் எதிர்பார்க்கின்றார்.

ஆகையால் சாலைக்கென்று செய்யப்பட்ட டயரே நமக்கு வேண்டும். அவற்றிலும் வேறுபாடு உண்டு. ஸ்போர்ட்ஸ் வகை விரைவில் சூடேறி நன்கு பற்றும். ஆனால் விரைவில் தேயும். பிரயாண வகை சற்றுக் கடினமான கலவையால் ஆனது, குளிரிலும் ஈரத்திலும் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது, நெடுநாள் உழைக்கும். இரண்டிற்கும் இடைப்பட்டதாக, நடுவில் கடினமான ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் வைத்துச் செய்யும் இரட்டைக் கலவை டயரும் உண்டு. நான் முன்பு சொன்ன கல்லூரி மாணவரின் நெடுஞ்சாலைத் தேய்மானத்திற்கு இந்த இரட்டைக் கலவை நல்ல மருந்து. ரப்பரைக் கருமையாக்கும் கரித்தூளோடு சிலிக்கா என்னும் மணற்பொருளைச் சேர்த்துச் செய்த கலவை, ஈரச் சாலையில் நன்கு பற்றுவதாக அறியப்பட்டுள்ளது. நீர்ப்படலம் இடையில் வந்தால் முதலாவதாகச் சொன்ன ஒட்டுதல் கெடுகின்றது. நெகிழ்ந்து அமரும் தன்மை ஒன்றே மிஞ்சுகின்றது. அதற்குச் சிலிக்கா துணை செய்கின்றது. கடையில் கேட்கவேண்டிய கேள்வி, "எந்த டயர் அதிக வேகம் போகும்?" என்பதன்று, "குளிரிலும் மழையிலும் எது பிடிக்கும்?" என்பதே.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகின்றேன் என்பதைப் பௌதிகம் படிக்கும் மாணவர்கள் ஒரு கணக்கால் அறிந்துகொள்ளலாம். வளைவில் செல்லும் வண்டி எவ்வளவு சாய வேண்டும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு. வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால், சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். அதுவே டயருக்கும் சாலைக்கும் இடையே வேண்டிய உராய்வின் அளவுமாகும். 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவைக் கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வேண்டிய உராய்வு 0.21, சாய்வு 12 பாகை. 30 கிலோமீட்டரில் 0.47, சாய்வு 25 பாகை. 40 கிலோமீட்டரில் 0.84, சாய்வு 40 பாகை. வேகம் இரட்டித்தால் வேண்டிய பிடிப்பு நான்கு மடங்காகின்றது. உலர்ந்த நல்ல சாலையில் நல்ல டயர் 0.8 அல்லது 0.9 வரை கொடுக்கக்கூடும். மழையில் நனைந்த சாலையில் அது ஏறத்தாழ 0.5க்கு இறங்கிவிடும். டீசல் எண்ணெய் சொட்டிய இடத்தில் அதனினும் கீழ். கோடையில் 40 கிலோமீட்டரில் தட்டுத்தடுமாறிக் கடந்துவிட்ட அதே வளைவை, ஐப்பசி மழையில் எந்த விலை கொடுத்து வாங்கிய டயராலும் அந்த வேகத்தில் கடக்க இயலாது. நல்ல டயருக்கும் மோசமான டயருக்கும் உள்ள வேறுபாடு, 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரைக் காப்பாற்றுவதில்தான் வெளிப்படுகின்றது, அங்கே 0.47 வேண்டும்; கையில் இருப்பது 0.5. மொட்டையாகிப்போன டயரானால், அந்தச் சிறு மிச்சமும் இராது.

சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு, 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வடிவ வண்டிகளுக்கு 2018 ஏப்ரலிலிருந்தும், ஏனையவற்றிற்கு 2019 ஏப்ரலிலிருந்தும் நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. அது இருக்கும்போது டயரைப் பற்றிக் கவலை எதற்கு என்று கேட்பாருளர். டயர் கொடுக்கும் பிடிப்பைப் பங்கிட்டுச் செலவழிக்க ஏ.பி.எஸ். உதவும், இல்லாத பிடிப்பை உண்டாக்க அதனால் ஆகாது.

இப்பகுதிச் சாலைகளில் மழை ஒன்றே பகையன்று. அறுவடைக் காலத்தில் சாலையோரத்தில் வைக்கோல் பரப்புவதுண்டு. டிராக்டர்ச் சக்கரங்கள் வயற்சேற்றைத் தாருக்குக் கொண்டுவரும். மாம்பழக் காலத்தில் சிந்திய பழங்கள் சக்கரங்களில் சிக்கி நசுங்கிக் கிடக்கும். அடிக்கடி சேற்று வழியிலும் தோட்டப் பாதையிலும் போகவேண்டியவர்கள், பள்ளங்கள் மிகுந்த பட்டனுள்ள சாலை டயரைத் தேர்வது தகும். பள்ளங்கள் அரிதாகவே உள்ள வழவழப்பான டயர், பார்வைக்குப் பந்தய வண்டிபோல இருக்குமேயன்றி, மஞ்சளாற்றுப் பாசனத்து வயல்வெளிச் சாலைக்கு ஏற்றதன்று.

கடையில் டயரைக் கையில் வாங்கியதும் முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுக. அடுத்து, முட்டை வடிவக் கட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களைப் படிக்க. 2325 என்றிருந்தால், 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். வெயில் படும் கடை முகப்பில் ஆண்டுக்கணக்காகத் தொங்கிய டயரைத் தள்ளுபடி விலைக்குத் தருவதாகச் சொன்னால், அந்த இலக்கத்தைக் காட்டி மறுத்துவிடலாம். ஐந்து ஆண்டு பயன்பட்ட டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்றும், எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் பத்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்றும் டயர் தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகின்றனர். பக்கச் சுவரில் ஓர் அம்புக்குறி இருக்கும். சக்கரம் சுழலும் திசை அது. அவசரத்தில் தலைகீழாக மாட்டிவிடும் பட்டறைகளும் உண்டு. மாட்டி முடித்ததும் ஒருமுறை பார்த்துக்கொள்வதில் செலவில்லை.

மாட்டுவதற்குக் கடப்பாரை போன்ற நீண்ட இரும்பு நெம்புகோல்களைப் பயன்படுத்தும் கடையைவிட, இயந்திரத்தால் மாட்டிச் சக்கரத்தைச் சமன்செய்து தரும் கடை மேலானது. டியூப் இல்லாத டயரின் விளிம்பு ரிம்மோடு இறுகப் பொருந்தினால்தான் காற்று நிற்கும். நெம்புகோல் அந்த விளிம்பைக் கிழித்துவிடக்கூடும். ஆணி குத்தினால் வெளியிலிருந்து திரி திணித்து அடைப்பது, வீடு வந்து சேர்வதற்கான உதவி மட்டுமே. பக்கச் சுவரில் ஓட்டை விழுந்தால் அதை அடைக்கவே கூடாது. அந்த டயரோடு கணக்குத் தீர்ந்தது.

காற்றழுத்தத்தைப் பற்றி ஒரு விந்தை. பஞ்சர் கடைகளில் 'பாயிண்ட்' என்று சொல்லும் அளவு, டயருக்குள் உள்ள அழுத்தத்திற்கும் வெளிக்காற்றின் அழுத்தத்திற்கும் உள்ள வேறுபாடு. தேவதானப்பட்டியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 2¾ பவுண்டு குறைகின்றது. எனவே டயரைத் தொடாமலே அளவுமானி அவ்வளவு கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் மேலே வெப்பநிலை 15 அல்லது 16 பாகை குறைவு. குளிர்ந்த காற்று சுருங்குவதால் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரண்டரைப் பவுண்டு இறங்கிவிடுகின்றது. ஒன்றை மற்றொன்று ஈடுசெய்ய, அளவுமானி பெரும்பாலும் பழைய எண்ணையே காட்டுகின்றது! இயற்கையே நமக்காகப் போட்டுவைத்த சமன்பாடு இது. இதை அறியாமல், மலைமேல் விடியற்காலைக் கடுங்குளிரில் அளந்து பார்த்துக் குறைவாக இருக்கின்றதென்று காற்றேற்றியவர், அடிவாரம் வந்ததும் மீண்டும் அளந்து மிகுதியை வெளியேற்ற வேண்டும். எங்கு அளந்தாலும் டயர் ஆறிய நிலையில் அளப்பதே முறை. எவ்வளவு காற்று என்பது வண்டியின் கையேட்டிலோ, வண்டியில் ஒட்டிய தகட்டிலோ இருக்கும். கடைக்காரர் வழக்கமாக எல்லா வண்டிக்கும் அடிக்கும் அளவு உங்கள் வண்டிக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

டயர் மாட்டியாயிற்று. வண்டியை மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் முன் நிறுத்திச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோரும் உண்டு. பழம் நசுங்கும், புது டயரின் மேலுள்ள வழவழப்பு அதனால் போகாது. அச்சிலிருந்து வெளிவரும் டயரின் மேற்பரப்புக் கண்ணாடிபோலப் பளபளப்பாக இருக்கும். முதல் 100 முதல் 150 கிலோமீட்டர் வரை கடும் பிரேக்கும் கடும் சாய்வும் இல்லாமல் ஓட்டி, அந்தப் பளபளப்பைப் போக்கவேண்டும். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. தேவதானப்பட்டியிலிருந்து திண்டுக்கல் வரை போய்வந்தால் 100 கிலோமீட்டர் கணக்கு முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அந்த நேர்ச்சாலையில் பளபளப்பு நீங்குவது நடுப்பகுதியில் மட்டுமே. ஓரங்கள் இன்னும் கடையில் இருந்தபடியே இருக்கும். ஆகையால் முதன்முறை மலையேறும்போது ஒவ்வொரு வளைவிலும் சாய்வைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும்.

ஏறி இறங்கிக் காட்ரோட்டில் வண்டியை நிறுத்திப் பார்த்தால், பளபளப்பு நீங்கிய பகுதிக்கும் நீங்காத பகுதிக்கும் இடையே ஒரு கோடு தெளிவாகத் தெரியும். கோட்டிற்கு வெளியே ஒரு விரல் அகலம் புது ரப்பர் மிச்சமிருந்தால், இளைஞர்கள் சிலர் அதைக் கோழையின் அடையாளமென்று கேலி செய்வதுண்டு. வண்டி இருபதிலோ முப்பதிலோ வளைவுகளைக் கடந்தது, 25 பாகைக்கு மேல் சாயவில்லை என்பதைத்தான் அந்தக் கோடு காட்டுகின்றது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஏறி இறங்கும் வண்டியில் அந்த மிச்சம் இரு விரல் அகலமாகவும் இருக்கலாம்.